கடல் தாண்டிக் கல்யாணம் பண்ணப் போற பேராண்டிக்கு

ஏலே ராசா, நீ போன்ல சொன்ன சமாச்சாரத்தை உங்க பாட்டிகிட்ட பக்குவமாச் சொல்லிட்டேன். பிலிப்பைன்ஸ் புள்ளைன்னதும், ‘அது நாங்குநேரிக்கு அங்கிட்டா இங்கிட்டா?’ன்னா. கடலுக்கு அங்கிட்டுன்னேன். ‘சோறு திங்குமா?’ன்னா. மூணு வேளையும் அரிசிச் சோறுதான், தொட்டுக்கிட மீனுதான்னேன். ‘பொறவு என்ன, நம்ம புள்ளதான்’னுட்டா. பெரிய தடை அதோட தீந்துச்சு. இனிமே இருக்கதெல்லாம் சில்லறைத் தடைதான். நாலு கவர்மெண்டு, அவ்வளவுதான்.

ஆனா ஒரு வார்த்தை சொன்ன பாரு! ‘ஜெர்மனியில பேப்பர் வேலை ஜாஸ்தி தாத்தா, டென்மார்க்குல ஒரு தீவுக்குப் போயி சிம்பிளா முடிச்சிட்டு வந்துருதோம்’னு. சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல, வேப்பமரத்து நெழல்ல, காலம் பூரா பத்திரம் எழுதிக் கஞ்சி குடிச்சவன்கிட்ட வந்து பேப்பர் வேலைன்னு சலிச்சுக்கிடுத. ஒன் சித்தப்பன் மவ சட்டக் காலேஜுல படிக்காள்லா, அவளை உக்காத்தி வச்சு நாலு நாட்டுச் சட்டத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். கேக்கக் கேக்க எனக்கு வயசு கொறஞ்சு போச்சுலே.

போன வருசம் உங்கப்பன் ஒரு சாதகத்தைத் தூக்கிட்டு வந்தப்ப என்னா குதி குதிச்ச! பத்துப் பொருத்தமாம், மூடநம்பிக்கையாம், ரெண்டு மனசு ஒத்துப்போனாப் போதுமாம். இப்ப வெள்ளைக்காரன் பாக்குத பொருத்தத்தைப் பாத்தியா? பாஸ்போர்ட்டுல எல்லாப் பக்கமும் பாப்பான், தங்குத அனுமதி பாப்பான், முன்ன யாரையும் கட்டியிருக்கியான்னு பாப்பான், கட்டியிருந்தா அத்துவிட்டதுக்குத் தீர்ப்பு நகல் பாப்பான். மனப்பொருத்தத்துக்கு மட்டும் அவன் ஃபாரத்துல காலமே கெடையாது. நம்ம சோசியனாவது நூறு ரூவா கூட வச்சா ஒரு பரிகாரம் சொல்லுவான். அந்தக் கவுண்டர்ல உக்காந்திருக்கவன் எதுக்கும் மசிய மாட்டான்.

சரி, மொதல்ல ஜெர்மனியை விட்டு ஏன் ஓடுதன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. அங்க கல்யாணப் பதிவு ஆபீஸ்ல ஒரு சான்று கேக்கான். ஏஃபேஹிக்கைட்ஸ்ட்சொய்க்னிஸ்ஸாம். அந்தப் பேரைச் சொல்லி முடிக்கதுக்குள்ள மூணு முடிச்சும் போட்டுரலாம். ‘இவன் எங்க ஊரு ஆளு, இவனுக்குக் கல்யாணம் பண்ணத் தகுதி இருக்கு’ன்னு ஒன் சொந்த நாடு எழுதிக் குடுக்கணும். நம்ம நாட்டுல அவன் கேக்குத மாதிரி எழுதிக் குடுக்கதுக்கு ஒரு ஆபீஸே கெடையாது. அதனால அங்க உள்ள மேல்கோர்ட்டுத் தலைவருக்கு மனுப் போட்டு, ‘இந்தச் சான்று இல்லாமலே கட்டிக்கிட விலக்குக் குடுங்கய்யா’ன்னு கேக்கணும். ஒரு கோர்ட்டே ஒனக்காகப் பொண்ணு கேக்கப் போவுதுன்னு வச்சுக்க.

அவரு விலக்குக் குடுக்கணும்னா ஒன் பிறப்புச் சான்றிதழ் வேணும். அதை எப்பயாவது விரிச்சுப் பாத்திருக்கியா? நான் பாத்திருக்கேன், எங்கிட்டதான் தகரப் பெட்டியில கெடக்கு. தகப்பன் பேரு இருக்கு. தாய் பேரு இருக்கு. ஆண்னு இருக்கு. தேதி இருக்கு. ‘பெயர்’னு போட்ட காலத்துல ஒரு கோடு கெடக்கு. ஆளைத்தான் காணும்! கவர்மெண்டு ஆஸ்பத்திரியில நீ பொறந்தப்ப ஒனக்கு இன்னும் பேரு வைக்கலைலே. உங்கப்பன் கார்த்திக்குன்னான், உங்கம்மை அரவிந்துன்னா, நான் எங்கப்பன் பேரைச் சொன்னேன், சண்டை தீர மூணு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரிக்காரன் அதுக்கெல்லாம் காத்துக்கிட்டிருப்பானா? பெயரில்லாமலே பதிஞ்சு அனுப்பிட்டான். பொறவு பேரைச் சேத்துக்கிடலாம்னு பதினஞ்சு வருசம் கெடு வச்சிருந்தாவ. அந்தக் கெடுவையும் கவர்மெண்டு நீட்டிக்கிட்டேதான் வந்துச்சு. உங்கப்பன் ‘நாளைக்கிப் போறேன்’னு சொன்னதும் அதுக்குச் சமமா நீண்டுக்கிட்டே போச்சு. இப்படி ஒரு காயிதத்தைக் கொண்டுபோயி நீ இருக்க ஸ்டுட்கார்ட்டுல நீட்டினா அவன் என்ன கேப்பான்? ‘தம்பி, பொறந்தது நீதான்னு என்ன அத்தாட்சி?’ன்னு கேப்பான்லா.

சரி, முத்திரை வாங்கி நீட்டுவோம்னா அதுவும் அங்க செல்லாது. 1961-ல ஹேக் நகரத்துல கூடி ஒரு ஒப்பந்தம் போட்டாவ. ஒரு நாட்டுக் காயிதத்தை இன்னொரு நாட்டுக்காரன் நம்புததுக்கு ‘அப்போஸ்டில்’னு ஒரே ஒரு முத்திரை போதும்னு. நம்ம நாடு 2005-ல அதுல சேந்துச்சு. ஆனா ஜெர்மனி ‘இந்தியா முத்திரையை நாங்க ஏத்துக்கிட மாட்டோம்’னு அப்பவே ஆட்சேபம் எழுதிக் குடுத்துட்டான். அதனால ஒன் காயிதத்தை மெட்ராசுல இருக்க அவன் தூதரக ஆபீசு வழியா ஒரு வக்கீல்கிட்ட குடுத்து, நேர்ல போயி விசாரிச்சுட்டு வரச் சொல்லுவான். மாசக்கணக்குல ஆவும். அந்த வக்கீல் ரெஜிஸ்டரைப் புரட்டுவாரு, அக்கம்பக்கத்துல கேட்டாலும் கேப்பாரு. நம்ம தெருவுல வந்து விசாரிச்சா திண்ணையில உக்காந்திருக்கது யாரு? ஒன்னைப் பத்தி நான் என்ன சொல்லுவேன்னு நெனைக்க? அந்தப் பழைய சைக்கிளைக் கேக்காம எடுத்து வித்தியே, அது எனக்கு இன்னும் மறக்கல.

அதான் டென்மார்க்குக்கு ஓடுத. நல்ல ரோசனைதான், நான் தப்புச் சொல்லல. பிறப்புச் சான்றிதழைப் பெருசா அலட்டிக்கிட மாட்டான், அந்தத் தகுதிச் சான்றும் கேக்க மாட்டான். ஆனா ‘கேக்க மாட்டான்’னதும் காலாட்டிக்கிட்டு இருந்துராத. முன்னெல்லாம் அந்தந்த ஊரு டவுன் ஹாலே காயிதத்தைப் பாத்துக் கட்டிவச்சிரும். ஒரு ஊர்ல கண்டிசன், ஒரு ஊர்ல இளக்காரம்னு இருந்துச்சு. அனுமதிச் சீட்டுக்காகக் கட்டுத பொய்க் கல்யாணம் பெருகவும், 2019-ல இருந்து குடும்பச் சட்டத்துக்குன்னு ஒரே ஆபீசை வச்சு எல்லா வெளிநாட்டு ஜோடியையும் அங்க சலிச்சுத்தான் அனுப்புதான். மனுவை கம்ப்யூட்டர்ல போடணும். கட்டணத்தை முன்கூட்டியே கட்டணும். அதைக் கட்டுத வரைக்கும் மனுவைத் தொடவே மாட்டான். ரெண்டு பேருக்கும் பதினெட்டு முடிஞ்சிருக்கணும். ரெண்டு பேரும் அந்த நாட்டுல கால் வைக்கதுக்குச் சட்டப்படி அனுமதி இருக்கணும். ஒங்க ரெண்டு பேருகிட்டயும் ஜெர்மனியோட அனுமதி அட்டை இருக்கு, சரி. ஆனா அட்டையில தேதி எப்ப முடியுதுன்னு பாரு. நீ பால் பாக்கெட்டுலயே தேதி பாக்காத ஆளு.

எல்லாம் சரியா இருந்தா ‘இவங்க கட்டிக்கிடலாம்’னு ஒரு சான்று தருவான். அதுக்கு ஆயுசு நாலே மாசம். நாலு மாசத்துக்குள்ள டவுன் ஹாலுக்குப் போயி நிக்கணும், இல்லைன்னா மறுபடியும் மொதல்ல இருந்து. நாம ஆடி போயி ஆவணி வரட்டும்னு கெடப்போம், அவன் கிட்ட அந்தக் கதையெல்லாம் நடக்காது.

நீ சொன்ன ஏரோ தீவுக்கு ஸ்வென்ட்போர்க்ல இருந்து ஒண்ணேகால் மணி நேரம் கப்பல்ல போவணுமாம். கல்லுப் பாவின தெருவாம், சின்னச் சின்ன வீடாம். படத்துல பாத்தேன், அழகாத்தான் இருக்கு. அவசரம்னா அந்தக் கடல்கூட வேண்டாம், ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்துலயே டோண்டர்னு ஒரு ஊரு இருக்கு, அங்கயும் இதே பொழப்புதான். எங்க போனாலும் அசல் பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு முந்தின நாளே போயிக் காட்டணும்னு சொல்லுத ஊரும் உண்டு, அதை முன்னாடியே கேட்டுக்க. தாலி மறந்தாலும் பரவாயில்ல, பாஸ்போர்ட்டை மறந்துராத.

சாட்சி ரெண்டு பேரு வேணும். ஆள் இல்லாமப் போனா டவுன் ஹால்காரனே ரெண்டு பேரை நிறுத்துவானாம்! இதைக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சுலே. நம்ம ஆபீஸ் வாசல்லயும் அப்படி ரெண்டு பேரு எந்நேரமும் நிப்பான். டீயும் வடையும் வாங்கிக் குடுத்தா, முன்னபின்ன பாத்திராத மாப்பிள்ளைக்கும் ‘நல்லாத் தெரியும்’னு கையெழுத்துப் போடுவான். அவனுங்களைப் போயி எம்புட்டு ஏசியிருக்கேன். டென்மார்க்குல பொறந்திருந்தா கவர்மெண்டு வேலைலா பாத்திருப்பானுவ!

நீதான் மொதல் ஆளு, எல்லை தாண்டிப் போயிக் கட்டுதோம்னு மீசையை முறுக்காத. இங்கிலாந்துல 1754-ல இருந்து ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு. இருபத்தோரு வயசுக்கு உட்பட்டவன் தாய்தகப்பன் சம்மதமில்லாமக் கட்ட முடியாதுன்னு. ஸ்காட்லாந்துல அந்தச் சட்டம் இல்ல. அங்க ரெண்டு சாட்சிக்கு முன்னால ‘நாங்க புருசன் பொஞ்சாதி’ன்னு சொன்னாப் போதும். எல்லையைத் தாண்டினதும் மொத ஊரு கிரெட்னா கிரீன். அந்தூர்க் கொல்லன் பட்டறைதான் மணவறை, பட்டறைக்கல்லுதான் அம்மி. கோச்சு வண்டியில காதலர் முன்னால, பொண்ணோட அப்பன் பின்னால. ஒரு நூறு வருசம் அப்படித்தான் ஓடினாவ. 1856-ல ஒரு பிரபு சட்டம் கொண்டுவந்து, யாராவது ஒருத்தர் ஸ்காட்லாந்துல இருபத்தோரு நாள் தங்கியிருக்கணும்னுட்டாரு. இருபத்தோரு நாள் ஒரே ஊர்ல இருந்தா அப்பன் நடந்தே வந்து பிடிச்சிருவான்லா, சோலி முடிஞ்சுது.

ஆனா ஒனக்குத் தெரிய வேண்டிய கதை வேற ஒண்ணு இருக்கு. கவனமாக் கேளு, இதுவும் டென்மார்க்குக் கதைதான். புரூக்னு ஒரு இங்கிலீஷ்காரர். பொண்டாட்டி செத்துப் போனா. கைப்புள்ளைங்க இருக்கு. செத்தவளோட தங்கச்சியைக் கட்டிக்கிட ஆசைப்பட்டாரு. நம்ம ஊர்ல இதுக்கு என்ன பண்ணுவோம்? பந்தலுக்குச் சொல்லி அனுப்புவோம். ‘புள்ளைகளுக்குச் சித்தியே தாயா வந்துட்டா’ன்னு ஊரே மூக்கைச் சிந்தும். இங்கிலாந்துல 1835-ல போட்ட சட்டப்படி மச்சினியைக் கட்டினா அந்தக் கல்யாணமே செல்லாது! மனுசன் என்ன செஞ்சாரு, 1850-ல கப்பலேறி வான்ட்ஸ்பெக்குன்னு ஒரு ஊருக்குப் போனாரு. இன்னைக்கி அது ஹாம்பர்க்கோட சேந்து கெடக்கு, அன்னைக்கி டென்மார்க்கு ராஜாவோட சீமை. அங்க அது குத்தமில்ல. முறையாக் கட்டி, ஊருக்குத் திரும்பி, குடியுங்குடித்தனமுமா இருந்து, புள்ளகுட்டியும் ஆச்சு. ரெண்டு பேரும் காலமான பொறவு சொத்து வழக்கு வந்துச்சு. 1861-ல பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லுச்சு: கல்யாணம் செல்லாது, புள்ளைங்க முறைப்படி பொறந்த புள்ளைங்க இல்ல.

ஏன்னு கேளு. தாலியை எப்படிக் கட்டணும், யாரு முன்னால கட்டணும்ங்கிறது போன ஊருச் சட்டம். நீ அவளைக் கட்டலாமாங்கிற தகுதி ஒன் சொந்த ஊருச் சட்டம். அது கப்பல்ல டிக்கெட் வாங்காமலே ஒங்கூட ஏறி வரும். வெள்ளைக்காரன் அந்த மச்சினியை மன்னிச்சு விட 1907 ஆச்சு. நம்மளைக் காட்டுமிராண்டின்னு சொல்லி ஆண்டுக்கிட்டிருந்தவன் கதை இதுன்னு சொன்னா, ஒன் பாட்டி நம்பவே மாட்டேங்கா.

அதனால நீ சூதானமா இரு. நம்ம சட்டத்துல மாப்பிள்ளைக்கு இருபத்தொண்ணு, பொண்ணுக்குப் பதினெட்டு. உயிரோட இருக்க இன்னொரு பொஞ்சாதி கூடாது. ஒனக்கு ஒரு பொஞ்சாதிக்கே வழியில்லாம இம்புட்டு நாள் கெடந்த, அந்தப் பயம் வேண்டாம். ஆனா அந்தப் புள்ளகிட்ட மரியாதையாக் கேட்டுக்க. பிலிப்பைன்ஸ்ல முஸ்லிம்களுக்கு உள்ள தனிச் சட்டத்தைத் தவிர, அந்நாட்டுக்காரங்க ரெண்டு பேரு கட்டிக்கிட்டா அத்துக்கிடுததுக்குச் சட்டமே கெடையாது. கோர்ட்டுல போயி அந்தக் கல்யாணமே செல்லாதுன்னு சாதிச்சாத்தான் உண்டு. அதனால ‘கல்யாணப் பதிவு எதுவும் இல்ல’ன்னு அவ ஊருப் புள்ளிவிவர ஆபீஸ்ல ஒரு சான்று குடுப்பாவ, ‘செனோமார்’னு சொல்லுவாவ. கையோட வாங்கி வச்சுக்கிடச் சொல்லு. ஒன் பாட்டிக்கு இந்தச் சேதியைச் சொன்னதுல இருந்து அந்த நாட்டு மேல ஒரு தனிப் பிரியம் வந்துருக்கு. ‘அத்துவிடவே முடியாதாமே, நல்ல ஊரு’ங்கா.

வேற ஊரு பாப்போமான்னும் கேட்டல்லா. பாரு, யாரு வேண்டாம்னது. பாலித் தீவுல கடக்கரையில கட்டணும்னா இந்தோனேசியாவோட 1974-ம் வருசச் சட்டம் மதமுறைப்படி நடந்த கல்யாணத்தைத்தான் கல்யாணம்ங்கும். ரெண்டு பேருக்கும் ஒரே மதமா இருக்கணும். நீ கோயில் பக்கம் போயிப் பல வருசமாச்சு, அவ ஞாயித்துக்கெழமை தவறாம பூசைக்குப் போறவ, அங்க போயி என்னன்னு எழுதிக் குடுப்ப? பிரான்சுல யாராவது ஒருத்தர் அந்த ஊர்ல ஒரு மாசமாவது குடியிருந்திருக்கணும். மேயர் ஆபீஸ்ல கட்டின பொறவுதான் சர்ச்சு. அமெரிக்காவுல லாஸ் வேகாஸ் இருக்கு, காலையில எட்டு மணியில இருந்து நடுராத்திரி வரைக்கும் லைசென்சு ஆபீசு தொறந்திருக்குமாம், காத்திருக்கவே வேண்டாம். ஆனா விசா வாங்குததுக்குள்ள ஒனக்கு அறுபதாங்கல்யாணம் வந்துரும். ஜிப்ரால்டர்னு ஒரு பாறை இருக்கு. பீட்டில்ஸ் பாட்டுக்காரன் ஜான் லெனன், அந்த யோகோ ஓனோவோட கப்பல்ல கட்டப் பாத்து முடியாம, பாரிசுல கட்டப் பாத்து அங்கயும் தங்கியிருக்கணும்னு சொல்லி முடியாம, கடைசியில 1969 மார்ச்சுல அங்கதான் போயிக் கட்டினான். அம்புட்டுப் பணமும் பேரும் உள்ளவனையே அலைய விட்டுருக்கான். நீ கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன்தான்.

இனி ஒன் பேரு சங்கதி. ஒன் பாஸ்போர்ட்டுல குடும்பப் பேரு காலம் காலியாத்தான் கெடந்துச்சு. அந்த ஊர்ல குடும்பப் பேரு இல்லாதவனைக் கம்ப்யூட்டரு மனுசனா ஏத்துக்கிடாதுன்னு உங்கப்பன் பேரைத் தூக்கி அந்த எடத்துல வச்ச. இப்ப ஒன் ஆபீஸ்ல எல்லாரும் ஒன்னை ‘மிஸ்டர் சுடலைமுத்து’ன்னு கூப்பிடுதான். உங்கப்பன் வயக்காட்டுல இருந்துக்கிட்டே ஜெர்மனியில சம்பளம் வாங்குதான். அது போவட்டும். கல்யாணத்துக்குப் பொறவு அந்தப் புள்ள ஒன் குடும்பப் பேரை எடுத்துக்கிட்டா அவளும் சுடலைமுத்து ஆயிருவா. நம்ம வீட்டுல மருமவ புருசன் பேரையும் மாமனார் பேரையும் வாயால சொல்ல மாட்டா. சொடலமாடன் கோயில்னு சொல்லணும்னாக்கூட உங்கம்மை உங்கப்பன் பேருக்குப் பயந்து ‘அந்தச் சாமி கோயிலு’ம்பா. இவ கையெழுத்தே மாமனார் பேருல போடப் போறா! அவ பேரை அவளே வச்சுக்கிடட்டும்லே. எல்லாக் காயிதத்துலயும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு போல இருக்கான்னு மட்டும் பாரு. ஒரு ‘ஹெச்’சு கூடக் கொறைய இருந்ததுக்கு எத்தனை பேரு என் பெஞ்சுல உக்காந்து அழுதிருக்கான்னு எனக்குத்தான் தெரியும்.

கட்டி முடிச்சதும் டவுன் ஹால்ல பல பாசையில அச்சடிச்ச சான்றிதழ் தருவான். ரெண்டு மூணு நகல் கேட்டு வாங்கு. ஜெர்மனியில காட்டுததுக்கு முத்திரை கேக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள 2019 பிப்ரவரியில இருந்து அந்தத் தொல்லையை எடுத்துட்டாவ. நம்ம நாட்டுல காட்டணும்னா டென்மார்க்கு வெளியுறவு ஆபீஸ்ல அப்போஸ்டில் வாங்கிக்க. அவளும் அவ நாட்டுத் தூதரகத்துல கல்யாணத்தைத் தெரியப்படுத்தணும். நம்ம பக்கத்துக்கு, 1969-ம் வருச வெளிநாட்டுத் திருமணச் சட்டத்துல பதினேழாம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அந்நிய நாட்டுச் சட்டப்படி நடந்த கல்யாணத்துல ஒருத்தராவது இந்தியரா இருந்தா, அங்க உள்ள நம்ம தூதரகத்துல பதிஞ்சுக்கிடலாம். கோபன்ஹேகன்ல கேட்டு வையி.

அதை விட்டுட்டு, ‘எல்லாம் ஊருக்கு வந்து பாத்துக்கிடலாம்’னு வந்தியோ, திருச்செந்தூர்ல மாலை மாத்தலாம், படம் பிடிக்கலாம், கறிச்சோறு போடலாம். சட்டத்துக்கு அது காணாது. அவ வேதக்காரி, இந்துத் திருமணச் சட்டம் ரெண்டு பேரும் இந்துவா இருந்தாத்தான். ஒங்களுக்கு 1954-ம் வருசச் சிறப்புத் திருமணச் சட்டம். அதுல முப்பது நாள் நோட்டீசு ஒட்டுவான், எங்க ஆபீசு பலகையிலதான் ஒட்டுவான். அந்தப் பலகையைக் காலையில மொத ஆளா நின்னு வாசிக்கது யாருன்னு நெனைக்க? புதுக் கல்யாணச் செய்தியெல்லாம் டீக்கடைக்கு எப்படிப் போச்சுன்னு ரொம்பப் பேருக்கு ஆச்சரியமா இருக்கும். ஓடிப்போன ஜோடிகளைக் காட்டிக்குடுக்க அந்தப் பலகை ஒண்ணு போதும்லே, அதுல எனக்கு வருத்தந்தான். நீ டென்மார்க்குல போயிக் கட்டுததுக்கு நான் தலையாட்டுததுல அதுவும் ஒரு காரணம்.

செலவைப் பத்திக் கவலைப்படாத. நான் வாரேன்னு அடம்பிடிக்க மாட்டேன். எனக்குப் பாஸ்போர்ட் எடுக்கலாம்னு ஒன் சித்தப்பன் மவ ஃபாரத்தைத் தொறந்தா. ‘தாத்தா, ஒங்க மேரேஜ் சர்ட்டிபிகேட் எங்க?’ன்னு சும்மா ஒரு வார்த்தை கேட்டா. அடுப்படியில பாத்திரம் வெளக்குத சத்தம் நின்னு போச்சு. ஊருல உள்ளவன் கல்யாணத்துக்கெல்லாம் மனு எழுதிக் குடுத்தவன்தான், உங்க பாட்டிக்கும் எனக்கும் நடந்ததுக்கு ஒரு துண்டுச் சீட்டு கெடையாது. தமிழ்நாட்டுல கட்டாயம் பதியணும்னு சட்டம் வந்தது 2009-ல, நாங்க கட்டினது எந்தக் காலம்! சட்டப்படி அது ஒண்ணும் குத்தமில்ல, பதியலைன்னாலும் செல்லும்னு எடுத்துச் சொன்னேன். அவ காதுல விழுந்த மாதிரி தெரியல. முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு வந்து, ‘அப்ப இத்தனை வருசமா நான் ஒமக்கு யாரு?’ன்னா. நாளைக்கே ஆபீசுக்குப் போயிப் பதிஞ்சுருவோம்னேன்.

‘யோசிச்சுச் சொல்லுதேன்’னுட்டுப் போயிட்டா.